நாகர்கோவிலில் வயதான பெற்றோரைக் குடிவைக்க எந்த ஏரியா பாதுகாப்பானது?

வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், அப்பா அம்மாவுக்காக நாகர்கோவிலில் வீடு தேடுகிறீர்கள். எந்த ஏரியாவில் குற்றம் குறைவு, அதற்குக் கணக்கு எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி. இதே ஊரில் வயதான அம்மாவோடு குடியிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

நீங்கள் தேடும் கணக்கு கிடைக்காது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரங்களுக்குத்தான் தனி அட்டவணை. நம் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலே 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம்தான். அதனால் மாவட்டத்துக்கான எண் கிடைக்கும், ராமன்புதூருக்கோ வெட்டூர்ணிமடத்துக்கோ கிடைக்காது. அந்த மாவட்ட எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை எகிறியதற்குப் பெரிய காரணம், ஊரடங்கை மீறியதாக, அரசு உத்தரவை மீறுவதற்கான ஐ.பி.சி. 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகள். அந்த வருடம் திருட்டு பெருகியது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம் மாவட்டத்தில் படித்தவர்கள் அதிகம், எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். சின்ன விஷயத்துக்கும் மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் நாங்கள். புகார் பதிவாகும் ஊரில் எண் கூடுதலாகத்தான் தெரியும். பதிவாகாத ஊரைவிட அது நல்ல ஊர் என்பதே என் எண்ணம்.

ஒரு வழி இருக்கிறது. எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் ஸ்டேஷன் வாரியாக அவற்றைப் பார்க்கலாம். நகருக்குள் வடசேரி, கோட்டாறு, நேசமணிநகர், ஆசாரிபள்ளம் என்று ஸ்டேஷன்கள் உண்டு. நீங்கள் பார்த்திருக்கும் தெரு எதன் எல்லையில் வருகிறது என்று கேட்டு, பொறுமையாக வாசித்துப் பாருங்கள். வீடு புகுந்து திருட்டா, பைக் திருட்டா, அண்ணன் தம்பி வரப்புத் தகராறா என்று ஓரளவு பிடிபடும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம் ஊரில் ஒரு தெருவின் பாதுகாப்பு, அதில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வளைகுடா, பெங்களூரு, அமெரிக்கா என்று பிள்ளைகள் போய்விட்டார்கள். பெரிய வீடாகக் கட்டிப் பூட்டிப் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் உள்ளே இரண்டு முதியவர்கள் மட்டும். மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடுகள் தெருவாக அமைவது குறைவு. தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே அவரவர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனித்தனியாக நிற்கும். கிழக்கே தோவாளைப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்கள். நாகர்கோவிலில் இரண்டும் உண்டு. வடிவீஸ்வரம், கோட்டாறு போன்ற பழைய பகுதிகளில் பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் இங்கே கேட்கும். புதிதாகப் பிளாட் போட்ட பகுதிகளில் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டு எழுப்பி, கேட்டையும் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஆனி ஆடி மழையில் கரண்டும் போய்விட்டால் உள்ளே இருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அந்த மதில் காப்பதைவிட மறைப்பதுதான் அதிகம்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு ஒரு முறை போங்கள். தெருமுனையில் நிற்கும்போது யாராவது பாட்டி திண்ணையில் இருந்தபடி, “யார் வீட்டுக்குப் போணும் மக்ளே?” என்று கேட்டால் அந்தத் தெரு எனக்குப் பிடிக்கும். பெட்டிக்கடை, டீக்கடை திறந்திருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, பக்கத்து வீட்டில் நிரந்தரமாகக் குடும்பம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பதால் ஆசாரிபள்ளம் பக்கம் முதியவர்களுக்கு வசதி. பஸ் ஸ்டாண்டை ஒட்டி வேண்டாம், இரவில் சத்தம் ஓயாது.

வீடு தேடும்போது சிலர் ஒன்றிரண்டு குடியிருப்புகளின் பெயரைச் சொல்லி, “அந்தப் பக்கம் மட்டும் போயிராதீங்க” என்பார்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. அங்கே வசிப்பவர்களின் சாதியோ மதமோ கடல் தொழிலோதான் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அப்படிப் பெயர் வாங்கிய தெருக்களில், ஒரு வீட்டில் ஆபத்து என்றால் ஊரே திரண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பயம் எதில் என்றால், முதலில் செயின் பறிப்பு. காலையில் கோயிலுக்கோ பால் வாங்கவோ தனியாகப் போகும் பெண்கள்தான் குறி. பைக்கில் இரண்டு பேர், பக்கத்திலேயே கேரள எல்லை. ஐ.பி.சி.க்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம், பிரிவு 304. சட்டம் இருந்தாலும் அம்மா கனமான செயினை லாக்கரில் வைத்துவிடுவது நல்லது. பிடித்து இழுக்கும்போது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் நகையைவிடப் பெரிய இழப்பு. நகைகளுக்கு பில்லும் போட்டோவும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, குடும்பத்தோடு ஊருக்குப் போகும் நாட்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் என்று வீடுகள் காலியாகும் நாட்கள் திருடனுக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிப் போகும் முன் ஸ்டேஷனில் சொன்னால் ரோந்து வரும்போது பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், பலர் கூச்சப்பட்டுக் கேட்பதே இல்லை. ஏதாவது நடந்து புகாரை வாங்க மறுத்தால், எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்ப, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு உரிமை தருகிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

அப்புறம் போன். பென்ஷன் வாங்கும் அப்பாக்களைத்தான் இப்போது தேடிப் பிடிக்கிறார்கள். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து “டிஜிட்டல் கைது” என்று மிரட்டிப் பணம் பறிப்பார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது என்பதை அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930, வேறு எந்த அவசரத்துக்கும் 112. இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள், கூடவே பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் இருக்கட்டும்.