அலாரம் கீபேட்ல ஸ்டே, அவே ரெண்டுல எத அமுக்கணும்?

சிங்கப்பூர்ல சிராங்கூன் பக்கம் தரை வீட்டுக்கு மாறிட்டோம், ராத்திரி அலாரம் போட்டா அம்மா தண்ணி குடிக்க எழுந்தாலே அலறுதுன்னு கேட்டிருக்கீங்க. நீங்க அவே அமுக்குறீங்கன்னு நினைக்கிறேன். அவே போட்டா கதவு ஜன்னல் சென்சாரோட உள்ள ஆள் நடமாட்டத்தப் பாக்குற மோஷன் சென்சாரும் சேர்ந்து முழிச்சிக்கும், அதனால வீட்ல யாருமே இல்லாதப்ப மட்டும்தான் அது. படுக்கும்போது ஸ்டே போடுங்க, கதவு ஜன்னல் மட்டும் காவல்ல இருக்கும், அம்மா தாராளமா நடக்கலாம்.

வெளிய போகும்போது கோட், அதான் ரகசிய நம்பர், போட்டதும் பீப் பீப்னு எண்ண ஆரம்பிக்கும்ல, பெரும்பாலும் 30லேருந்து 60 செகண்ட், அதுக்குள்ள கதவ சாத்திடணும், திரும்பி வரும்போதும் அதே மாதிரி கொஞ்சம் டைம் குடுத்துட்டுத்தான் சைரன் அடிக்கும், பதறாம கோட் போடுங்க.

சும்மா இருக்கும்போதே அப்பப்போ ஒரு பீப் வருதுன்னா பேட்டரி வீக்கா இருக்கலாம், அலாரத்தோட பெரிய பாக்ஸ்ல இருக்கிற 12 வோல்ட் பேட்டரி மூணுலேருந்து அஞ்சு வருஷத்துல மாத்துற மாதிரி ஆகும்.

முக்கியமா வேலைக்கு இருக்கிற அக்காவுக்குத் தனி கோட் வச்சுக் குடுங்க, உங்க மாஸ்டர் கோட யாருக்கும் குடுக்காதீங்க, 1234, பிறந்த வருஷம் எல்லாம் வேணவே வேணாம். வீட்டுக்கு வந்து கதவு உடைஞ்சிருக்கிறதப் பாத்தா உள்ள போகாதீங்க, வெளிய நின்னே போலீஸுக்கு 999 கூப்பிடுங்க.