மோட்டார் கேள்வி பதில்: கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர்

வீட்டிலேயே பழைய கார் திருத்துபவர்களின் கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் வேறுவேறானாலும் எல்லாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சாமான் வாங்கக் கொழும்புக்கு ஓடமுன் கழற்றிப் பாருங்கள், அளந்து பாருங்கள்.

கேள்வி: எங்கட அப்பப்பாவின்ர 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கொட்டிலுக்குள்ள பதினைஞ்சு வருசத்துக்கு மேலா நிக்குது. புதுப் பற்றரி வாங்கியிட்டன். பூட்டி ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாக்கலாமோ?
– வாசகர், உரும்பிராய்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இவ்வளவு காலம் நின்ற எஞ்சினில் பிஸ்ரன் றிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கக்கூடும். ஸ்ராட்டர் மோட்டாரின் பலத்தில் அதைத் திருப்பினால் றிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். கயிறு கட்டி இழுத்து, கியரில் விட்டு எழுப்புவது அதைவிட மோசம்.

நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலையும் ஓட்டோமற்றிக் கியர் ஒயிலையும் சரிபாதியாகக் கலந்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் 30 மில்லிலீற்றர் அளவில் விடுங்கள். மூன்று நான்கு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு கியரை நியூற்றலில் வைத்து, முன்பக்க ஹாண்டிலைப் போட்டு மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னொரு முறை ஒயில் விடுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். சுற்றத் தொடங்கியதும் மேலே வால்வுகளை மூடியிருக்கும் ரப்பெற் மூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் சுற்றுங்கள். எட்டு வால்வும் இறங்கி, இறங்கியபடியே திரும்ப ஏறுகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு வால்வு கீழேயே நின்றுவிட்டால் அதைத் தள்ளும் கம்பி (புஷ்றொட்) வளையும்.

இனிப் பற்றரி. அந்தக் காலத்து மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடிக்குப் போகும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. ஆனால் இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். இதை அறிய எளிய வழி உண்டு. பற்றரியின் பொசிற்றிவ் முனை நெகற்றிவ் முனையைவிடச் சற்றுத் தடிப்பு. பொடிக்குப் போகும் கேபிளின் கிளிப் தடித்த முனைக்குச் சரியாக இருந்தால் கார் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறது. பிழையாகப் பூட்டினால் டைனமோவுக்குக் கேடு.

இவை எல்லாவற்றுக்கும் முதல், சிஆர் எனப்படும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப் பாருங்கள். எஞ்சின் மாற்றிப் பதியாமல் விட்ட கார்கள் உண்டு. காசைச் செலவழித்த பிறகு அது தெரிய வந்தால் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கும்போது இடறும்.

கேள்வி: 90களில் மண்ணெண்ணெயில் ஓடிய மைனர் எங்களுடையது. இப்போது பெற்றோலில் ஓடுகிறது. ஆனால் இழுவை இல்லை, நீலப்புகை வருகிறது. எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இந்தக் கார்கள் இன்றும் நம்மிடம் இருப்பது அந்தக் கெட்டித்தனத்தால்தான். அது எஞ்சினுக்குள் என்ன செய்தது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகி, றிங், சுவர், பெயரிங் எல்லாம் சேர்ந்து தேயும். மேலே கரி படிந்து, றிங்குகள் பிஸ்ரன் பள்ளத்துக்குள் இறுகும்; ஒயில் மேலேறி எரிந்து நீலப்புகையாக வரும். ஒக்ரேன் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும்; அதற்காகத் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி வைப்பார்கள். பிறகு பெற்றோலுக்கு மாறியபோது அதைத் திருப்பி வைக்க மறந்தவர்கள் பலர். உங்கள் காரில் இழுவை இல்லாததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான், செலவில்லாத வேலையும் அதுதான். அடுத்தது காபரேற்றர். எஸ்யூ காபரேற்றரின் ஜெற் துளை 0.090 அங்குலம் இருக்க வேண்டும். துளையைப் பெருப்பித்திருந்தாலோ ஊசியை அரம் போட்டுத் தேய்த்திருந்தாலோ எந்தச் சரிசெய்தலுக்கும் அது பிடிகொடுக்காது; ஜெற்றையும் ஊசியையும் சோடியாக மாற்றுங்கள். ஊசியின் கழுத்தில் பொறித்திருக்கும் எழுத்து கைநூலில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும்.

பிரிப்பதா இல்லையா என்பதைக் கொம்பிறசன் மீற்றர் சொல்லும். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ராட்டரில் சுற்றுங்கள். ஒரு சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அளவில் வந்தால் நல்லது. 100க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 20க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பழுது உண்டு. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது றிங்கும் சுவரும். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) காஸ்கட். ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

றிங்தான் என்றால் ஹெட்டைக் கழற்றியபின் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவுங்கள். படி போல நகத்தில் தட்டும். அந்த இடத்தையும் அடியையும் போர் கேஜில் அளந்து, வித்தியாசம் 0.008 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் புது றிங் போடுவது வீண்செலவு. சிலிண்டரைப் போர் பண்ணத்தான் (கடைந்து பெருப்பிக்கத்தான்) வேண்டும். இந்த எஞ்சினுக்கு 10, 20, 30, 40 என்று ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கில் பெரிய பிஸ்ரன்கள் உண்டு. பிஸ்ரனை முதலில் வாங்கி, அதையும் கொண்டுபோய் லேத்தில் கொடுங்கள். போர் பண்ணிய பிறகு பிஸ்ரன் தேடினால், கிடைக்கும் பிஸ்ரனுக்கும் துளைக்கும் இடைவெளி பொருந்தாது.

ஹெட் கழன்றிருக்கும்போது எக்சோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையம் போடுவித்து விடுங்கள். ஈயமில்லாத பெற்றோலில் பழைய வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே தாழும்; ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வு முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளி, தானாகக் குறைந்துகொண்டே போவது அதன் அறிகுறி.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 20, 30, 40 இறாத்தல்-அடி என்று மூன்று தரமாக இறுக்குங்கள். ரப்பெற் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.012 அங்குலம். இதற்கு ஒன்பதுக் கணக்கு உதவும்: 8ஆம் வால்வு முழுதாக இறங்கியிருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 7 இறங்கும்போது 2, 6 இறங்கும்போது 3. இரண்டு இலக்கமும் சேர்ந்தால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். முதல் தரம் எழுப்பமுன் பிளக் இல்லாமலே சுற்றி, ஒயில் வெளிச்சம் அணைந்த பிறகுதான் பிளக்கைப் பூட்டுங்கள்.

கேள்வி: ஒஸ்ரின் ஏ40 சோமசெற். றேடியேற்றரைக் கழற்றிக் கழுவியாச்சு, தேர்மோஸ்ராற்றையும் எடுத்தெறிஞ்சாச்சு. பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணம் வாறதுக்குள்ள கொதிக்குது.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல் எஞ்சினுக்குள்ளும் எழுபது வருடமாகப் படிந்திருக்கிறது. றேடியேற்றரை மட்டும் கழுவினால் எஞ்சினுக்குள் உள்ளது அப்படியே இருக்கும்.

துருவும் சுண்ணமும் சேர்ந்த சேறு, நீரோட்டம் குறைந்த பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம் தங்கும். புளொக்கின் பக்கத்தில் உள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து பாருங்கள். ஒன்றும் வராமல் அடைத்திருந்தால் அதுவே விடை. திருகை முழுதாகக் கழற்றி, கம்பியால் குத்தி, பக்கத்தில் உள்ள வட்டத் தகட்டு மூடிகளையும் கழற்றி, கரண்டியால் சுரண்டி எடுங்கள். மூடிகளுக்குப் புதியவை வேண்டும், பழையவை திரும்ப உதவா. பிறகு லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அசிட் தூள் கரைத்த தண்ணீரை நிரப்பி, அரை மணித்தியாலம் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, சூடாறியதும் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

நிரப்புவதற்கு மழைத் தண்ணீரோ பற்றரித் தண்ணீரோ எடுத்து, மூன்றிலொரு பங்கு கூலன்ற் சேருங்கள். இங்கே உறைபனி இல்லைத்தான். கூலன்ற் கேட்பது துருவைத் தடுக்கும் மருந்துக்காக. தேர்மோஸ்ராற்றைத் திரும்பப் போடுங்கள், 74 பாகை செல்சியஸில் திறப்பது எங்கள் வெயிலுக்குப் பொருந்தும். அது இல்லாமல் ஓட்டினால் குளிர்ந்த எஞ்சின் சூடேறப் பிந்தி, சிலிண்டர்தான் தேயும். புதுக் காரின், சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் றேடியேற்றர் மூடியை இதற்குப் போடவே கூடாது, பழைய ஈயப் பற்று பிளந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கொதித்தால் தீப்பொறி நேரம் பிந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மைனரின் பிறேக் மிதி மெல்ல மெல்லக் கீழே போகிறது. ஒயில் ஒழுக்கு வெளியே தெரியவில்லை. எல்லா வொஷரையும் கழற்றிப் பெற்றோலில் கழுவிப் போட்டோம்.
– வாசகர், மானிப்பாய்

பதில்: பெற்றோலில் கழுவிய இறப்பர் அத்தனையையும் எறிந்துவிடுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டால் பிறேக் இறப்பர் ஊதிப் பெருத்துவிடும். இன்று பிடிக்கும், நாளை இறுகிப்போய்ப் பிடித்த பிடியை விடாது. கழுவப் பிறேக் ஒயில் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிற் மட்டும்.

ஒழுக்குத் தெரியாமல் மிதி தாழ்ந்தால், மிதி அழுத்தும் மாஸ்ரர் சிலிண்டரின் உள்வொஷர் விடுகிறது. மைனரில் அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, பொடியோடு சேர்ந்த அடிச்சட்டத்துக்குள் இருப்பதால் ஈரமும் சேறும் எப்போதும் அதற்குத்தான். கழற்றும்போது அதன் போல்ற் வெளியே வராமல் ரோர்ஷன் பார் (முன்சில்லுக்கு வில்லாக வேலை செய்யும் இரும்புத் தண்டு) மறிக்கும். அந்தப் பார் முறுக்கேறி நிற்பது, அவசரப்பட்டுத் தளர்த்தினால் ஆளை அடிக்கும். முன்பக்கத்தைத் தாங்குகாலில் ஏற்றி, பாரின் பாரத்தை முழுதாக இறக்கிய பிறகே கை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்.

சிலிண்டரின் உட்சுவரில் ஊசிக்குத்துப் போலத் துருப்புள்ளி இருந்தால் புது வொஷரும் நிலைக்காது. துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் புதுச் சிலிண்டர். வீல் சிலிண்டர்கள் ஆறு: முன்சில்லு ஒன்றுக்கு இரண்டு, பின்சில்லு ஒன்றுக்கு ஒன்று. பிறேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கமுன் எல்லாப் பிறேக் சூக்களையும் சரிசெய்யும் திருகால் டிரம்மோடு முட்டும்வரை நெருக்கி, உரசாத அளவுக்கு விடுங்கள். முன்சில்லில் இரண்டு திருகு, பின்சில்லில் ஒன்று. பலர் முன்சில்லில் ஒன்றை மட்டும் திருகிவிட்டு மிதி தாழ்கிறது என்று தேடித் திரிகிறார்கள். காற்றை மாஸ்ரரிலிருந்து தொலைவான சில்லில் தொடங்கி எடுங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். மிதியில் சிறிது வெறும் அசைவு இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் துளை மூடுண்டு, ஓட ஓடப் பிறேக் தானாகப் பிடிக்கும்.

கேள்வி: கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். பெயின்ற் அடித்து இரண்டு வருடத்தில் கதவுக்குக் கீழே கொப்பளம் கிளம்புகிறது.
– வாசகி, காரைநகர்

பதில்: துருவின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருக்கிறார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே உள்ள படிப்பெட்டி நெடுகக் கொண்டுபோங்கள். பிடிக்காத இடமெல்லாம் பட்டி. மைனருக்குத் தனிச் சசி இல்லாதபடியால் அந்தப் படிப்பெட்டிதான் காரின் முதுகெலும்பு. அதை வெட்டமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து, வாசல் அகலத்தை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு பூட்டாது.

துருத் தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, பாரம் தாங்கும் இடத்துக்கு 1.2 மில்லிமீற்றர், வெளித்தோலுக்கு 0.9 மில்லிமீற்றர் தகடு போடுங்கள். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் தகடு நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்துச் சேர்க்க வேண்டும். உங்கள் ஊருக்கு முக்கியமானது அடுத்த வேலை: தேய்த்த இரும்பில் உள்ள குழிகளுக்குள் உப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுடுதண்ணீரால் இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, உடனே காயவைத்து, அன்றைக்கே எப்பொக்சிப் பிறைமர் அடியுங்கள். பட்டி அதற்கு மேலேதான், 3 மில்லிமீற்றருக்கு மிஞ்சாமல். பெட்டிக்குள் மெழுகு விசிறி, அடியில் உள்ள நீர்த் துளைகளைத் திறந்து விடுங்கள்.

பெயின்ற் வேலைக்கு மார்ச், ஏப்ரல் நல்லது. மாரியில் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளை பூக்கும், சோளகம் வீசும்போது அடித்தால் புழுதி ஒட்டும்.

கேள்வி: எந்த ஒயில்?
– வாசகர், நல்லூர்

பதில்: மைனர் எஞ்சினுக்கு 20டபிள்யூ50 மினரல் ஒயில், பில்ற்றரோடு சேர்த்து 3.7 லீற்றர். கியர்பெட்டிக்கும் அதே எஞ்சின் ஒயில்தான், 1.3 லீற்றர்.

கேள்வி: மைனருக்கு றேடியல் ரயர் போடலாமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: 145 அல்லது 155 அளவில் 14 அங்குல றேடியல் பொருந்தும். ஒரே அச்சில் ஒருபக்கம் பழைய குறொஸ்பிளை வகை ரயர், மறுபக்கம் றேடியல் வேண்டாம். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் பின்னுக்குப் போடுங்கள்.

ரயருக்குக் காசு கொடுக்கமுன் முன்சில்லைத் தூக்கி, அலவாங்கைக் கீழே கொடுத்து மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். சில்லைத் தாங்கும் ட்ரனியன் மரை தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்று சில்லு மடியும், பெரும்பாலும் திருப்பத்தில். மாற்றும்போது இடமும் வலமும் மரை வேறு என்பதைப் பார்த்து வாங்குங்கள். பிறகு 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, சில்லைத் தூக்கி வைத்தே, மேல் நிப்பிளிலும் கீழ் நிப்பிளிலும் புதுக் கிறீஸ் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும்.