முகத்தின் நிழல் பக்கம் வெளிறிப் போவது பற்றி

எண்ணெய் வண்ணத்தில் வரையும் முகத்தில் நிழல் பக்கம் மட்டும் சாம்பல் பூசியது போல இருக்கிறது, கறுப்பு சேர்த்தால் பச்சையாகிறது என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதில் பல மாதம் தவித்திருக்கிறேன்.

பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளைதான் காரணம். கலந்த நிறத்தின் சூட்டையே, அதாவது அதிலுள்ள சிவப்பு, மஞ்சள் சாயலையே, அது எடுத்துவிடும். நிழலுக்குள் அதை விடவே வேண்டாம். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை தலைகாட்டும். பதிலாக பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு வண்ணத்தோடு துளி அல்ட்ராமரைன் நீலம் கலந்து பாருங்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பில் தோல் நிறத்துக்குப் போகாதீர்கள். முதலில் முழு முகத்தையும் அம்பர் ஒன்றிலேயே, டர்பன்டைனில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) நீர்க்கக் கரைத்து, ஒளியும் நிழலுமாக முடியுங்கள். காய்ந்த பிறகு நிறம். மேலடுக்குகளில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், இல்லையென்றால் பின்னாளில் வெடிப்பு விடும்.

கன்ன எலும்புக்குக் கீழே ஒளி நிழலாகத் திரும்பும் இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு விரற்கடை அகலம்தான் இருக்கும், ஆனால் முகத்துக்கு உயிர் வருவதே அங்கேதான். அங்கே கொஞ்சம் செங்காவி வைத்து, ஈரமில்லாத மென்தூரிகையால் இரண்டு பக்கமும் இழைத்துவிடுங்கள். விழி வெண்மையிலும் சுத்த வெள்ளை வேண்டாம். இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. அடுத்த அடுக்கு முடிந்ததும் படத்தைப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.