சின்ன காருக்கு ரேஸ் மூக்கு எதுக்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மைலேஜ் பத்தின பதில்ல, போற போக்குல "ஏர் ஃபில்டரெல்லாம் கம்பெனி குடுக்கறதே போதும், காஸ்ட்லியா எதுவும் மாட்ட வேண்டாம்"னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், வந்த கடிதத்துல பாதி பேர் சண்டைக்கு வந்துட்டாங்க மீதி பேர் சந்தேகம் கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை முழுக்க ஃபில்டர்தான், பிரேக் சத்தம் பத்தி கேட்டவங்கல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே, என்கிட்ட இருக்கறது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 4 வருஷம் ஆகுது. பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் போட்டா பிக்கப்பும் ஏறும் மைலேஜும் ஏறும்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் உயிரை எடுக்கறான். பேப்பர் ஃபில்டர் இன்ஜினோட மூக்கைப் பிடிச்சு வச்சிருக்கற மாதிரியாம். போடலாமா?

பதில்: தம்பி, உங்க ஃப்ரெண்ட் சொல்றதுல ஒரு துளி உண்மை இருக்கு, அந்த ஒரு துளியை வச்சுக்கிட்டுதான் இவ்வளவு வியாபாரமும் நடக்குது. வாங்க கணக்கு போட்டே பார்த்துடலாம்.

4 ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் காத்தை இழுக்கும். 6000 ஆர்பிஎம்ல மிதிக்கறீங்கன்னு வைங்க, நிமிஷத்துக்கு 3000 தடவை, எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடவைக்கு 1.2 லிட்டர், ஆக 3600 லிட்டர், சிலிண்டர் எப்பவும் முழுசா ரொம்பாது, ஒரு 85 சதவீதம்னு எடுத்துக்கிட்டா 3000 லிட்டர் சொச்சம் வரும். கேட்கறதுக்கு பெருசாதான் இருக்கு, ஆனா கார் செய்யறவன் ஃபில்டர் சைஸை முடிவு பண்றதே இந்த உச்ச அளவை மனசுல வச்சுதான், அதுவும் பாதி அழுக்கான பிறகும் தாங்கணும்னு பார்த்து பண்றான். அந்த பேப்பர் ஏன் மடிப்பு மடிப்பா இருக்குன்னு நினைக்கறீங்க, விரிச்சுப் பார்த்தா அந்த டப்பாவைவிட பல மடங்கு பெருசா இருக்கும், அத்தனை பரப்பு வழியா காத்து நிதானமாதான் போகுது.

வெளிக்காத்தோட அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். அந்த முழு வேகத்துல புது பேப்பர் ஃபில்டர் 1 கிலோபாஸ்கல் தடுக்குதுன்னு வச்சுப்போம், அது 1 சதவீதம். உங்க இன்ஜின் 80 பிஎச்பின்னா 0.8 பிஎச்பி. நீங்க போடற ஃபில்டர் அந்தத் தடையை பாதியா குறைச்சாகூட கைக்கு வர்றது 0.4, அதுவும் ஆக்ஸிலரேட்டர் தரையில ஒட்டியிருக்கும்போது மட்டும். 0.4ங்கறது அரை சதவீதம், டிரைவரோட சேர்த்து 1000 கிலோ வர்ற கார்ல 5 கிலோ குறைச்சதுக்கு சமம். டிக்கியில மாசக்கணக்கா கிடக்குதே, எதுக்கு வச்சோம்னே மறந்துபோன சாமான், அதை எடுத்து வீட்டுல போடுங்க, பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் மாட்டியாச்சு.

மைலேஜ்ல அந்த அரை சதவீதம்கூட கிடையாது. சாதாரணமா ஓட்டும்போது த்ராட்டில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா திறக்கற காத்துக் கதவு, முக்கால்வாசி மூடிதான் இருக்கு, வெளியில 101 இருக்கும்போது அதைத் தாண்டி சிலிண்டருக்குக் காத்து போற மேனிஃபோல்டு குழாய்க்குள்ள 40, 50 கிலோபாஸ்கல்தான் இருக்கும், அதாவது த்ராட்டிலே 50 கிலோபாஸ்கலை முழுங்கிடுது, அந்த நேரத்துல ஃபில்டர் தடுக்கறது 1ல ஒரு சின்ன பங்கு. குழாயை இறுக்கி மூடி வச்சுட்டு மேல தொட்டியில இருந்து வர்ற பைப்பை பெருசாக்கின கதைதான். அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல இதை டெஸ்ட் பண்ணியே பார்த்துச்சு, ஃபில்டரை வேணும்னே அடைச்சு வச்சு ஓட்டினாங்க, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்கள்ல மைலேஜ்ல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. உள்ள வர்ற காத்து குறைஞ்சா இன்ஜினோட கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலையும் சேர்த்து குறைச்சுடும், 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கற எடைக் கணக்கை ஆக்ஸிஜன் சென்சாரை வச்சு பிடிச்சுக்கிட்டே இருக்கும். ஆக்ஸிலரேஷன் மட்டும் அடைச்ச ஃபில்டரை மாத்தினப்போ 6ல இருந்து 11 சதவீதம் நல்லாச்சு. கார்புரேட்டர் வச்ச பழைய கார்லதான் மைலேஜும் 2ல இருந்து 6 சதவீதம் கூடுச்சு. இப்போ நீங்களே யோசிங்க தம்பி, அடைச்சுக் கிடக்கற ஃபில்டரே மைலேஜைத் தொடலைன்னா நல்லா இருக்கற ஃபில்டரை இன்னும் கொஞ்சம் தாராளமாக்கி எந்த மைலேஜ் ஏறப்போகுது.

இதெல்லாம் லாபக் கணக்கு. நஷ்டக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, அதை விக்கறவன் சொல்லமாட்டான். ஃபில்டர் அங்க இருக்கறதே தூசியைப் பிடிக்கத்தான். ரோட்டுத் தூசியில இருக்கற மணல் துகள் இரும்பைவிட கெட்டி, அது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல மாட்டினா உப்புத்தாள் வேலைதான். கண்ணுக்குத் தெரியற மண்ணைப் பத்தி கவலையில்லை, அதை எல்லா ஃபில்டரும் பிடிச்சுடும். 5ல இருந்து 20 மைக்ரான் சைஸ்ல வர்றதுதான் வில்லன், தலைமுடியே சுமார் 70 மைக்ரான், அப்போ பார்த்துக்கோங்க. ஒரு ஃபில்டர் 99.5 சதவீதம் பிடிக்குது, இன்னொண்ணு 98.5 பிடிக்குதுன்னா ஒண்ணுதானே குறையுதுன்னு தோணும், ஆனா உள்ள போறது 0.5ல இருந்து 1.5 ஆகுது, மூணு மடங்கு. 100 கிராம் தூசி வந்தா அரை கிராமுக்கு பதிலா ஒன்றரை கிராம் உங்க இன்ஜின் தின்னும். பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர்னு விக்கற எண்ணெய் தடவின காட்டன் ஃபில்டர் எல்லாமே இப்படின்னு சொல்லலை, நல்லதும் இருக்கு, ஆனா காத்து தாராளமா போகணும்னா ஓட்டை பெருசா இருக்கணும் இல்ல பரப்பு பெருசா இருக்கணும், அதே டப்பாவுக்குள்ள உட்கார்ற ஃபில்டர்ல பரப்பை எவ்வளவு பெருசாக்க முடியும் சொல்லுங்க. டப்பா மேல 'ஹை ஃப்ளோ'ன்னு பெருசா போட்டிருப்பான், தூசி எவ்வளவு பிடிக்கும்னு ஐஎஸ்ஓ 5011 டெஸ்ட் ரிசல்ட் இருக்கான்னு கேளுங்க, அந்த நம்பர் இல்லாததை வீட்டுக்கே கொண்டுவராதீங்க.

கேள்வி: சார், நீங்க தியரி பேசறீங்க. நான் என் கார்ல கம்பெனி ஃபில்டர் டப்பாவைக் கழட்டிட்டு கூம்பு மாதிரி இருக்கற கோன் ஃபில்டர் போட்டு 3 மாசம் ஆகுது, பிக்கப் ஏறினது எனக்கே நல்லா தெரியுது. அது பொய்யா?

பதில்: பொய்னு சொல்லமாட்டேன் சார், ஏன்னா நானும் அந்த ஆட்டம் ஆடினவன்தான். வயசுல என் பழைய காருக்கு ஒரு கோன் ஃபில்டர் மாட்டிட்டு, முதல் நாள் மிதிச்சப்போ கார் சீறிச்சு பாருங்க, ஆஹா ராக்கெட்டுன்னு ஒரு வாரம் பார்க்கறவங்ககிட்டல்லாம் பெருமை பேசினேன். அப்புறம் நண்பர் ஒருத்தர் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்தார், மூணாவது கியர்ல 40ல இருந்து 80 வரைக்கும் அஞ்சு தடவை எடுத்தோம், பழைய ஃபில்டரை மாட்டி திரும்ப அஞ்சு தடவை. வித்தியாசம் எங்க கட்டைவிரல் தடுமாற்றத்துக்குள்ளயே அடங்கிடுச்சு. அன்னைக்கு நான் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசலை.

மாறினது சத்தம். கம்பெனி ஏர் பாக்ஸ்ல ஃபில்டரை மட்டும் வைக்கல, இன்ஜின் மூச்சு இழுக்கற உறுமலை அமுக்கறதுக்குன்னே அறையெல்லாம் கட்டி வச்சிருக்காங்க. அதைக் கழட்டிட்டா அந்த உறுமல் நேரா காதுக்கு வருது, காது கேட்டதை மனசு வேகம்னு எடுத்துக்குது. இன்னொண்ணு, புதுசா ஒண்ணு மாட்டின கையோட யாரும் மெதுவா ஓட்டறதில்லை. நம்பலைன்னா ஒரே ரோடு, ஒரே கியர், ஏசி ஆஃப், போகும்போது அஞ்சு வரும்போது அஞ்சு எடுத்துப் பாருங்க, ஆளில்லாத ரோடா பார்த்து பண்ணுங்க.

உங்களுக்கு இன்னொரு கணக்கும் தர்றேன். உங்க கோன் எங்க உட்கார்ந்திருக்கு, போனட்டுக்குள்ள இன்ஜினுக்குப் பக்கத்துலதானே? கம்பெனி ஏர் பாக்ஸோட வாய் பெரும்பாலும் முன்பக்கமா, வெளிக்காத்து வர்ற இடத்துல இருக்கும். சூடான காத்து லேசு, 10 டிகிரி ஏறினா அடர்த்தி 3 சதவீதம் பக்கம் குறையும், ட்ராஃபிக்ல நின்னு நின்னு போகும்போது போனட்டுக்குள்ள வெளியைவிட 20, 30 டிகிரி கூட இருக்கறது சகஜம். அரை சதவீதம் சம்பாதிக்கப் போய் 6 சதவீதத்தை விட்டுட்டு வர்றீங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்தா அந்தச் சூடு கொஞ்சம் குறையும், நின்னு கிளம்பற நேரத்துலதான் பிக்கப் வேணும், அப்பதான் இது காலை வாரும்.

கேள்வி: வணக்கம் சார். என் வீட்டுக்காரர் கழுவி கழுவி யூஸ் பண்ற காட்டன் ஃபில்டர் வாங்கி மாட்டினார். போன வாரம் கழுவி எண்ணெய் போட்டார், ரெண்டு நாள்ல செக் இன்ஜின் லைட் வந்துடுச்சு, ஐடிலிங்ல வண்டி உதறுது. ஃபில்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கறார், அப்படியாங்க?

பதில்: இருக்க நிறைய வாய்ப்பு இருக்கும்மா, ஆனா உடனே சண்டையை ஆரம்பிச்சுடாதீங்க, முதல்ல ஸ்கேனர் மாட்டி கார் பதிஞ்சு வச்சிருக்கற எரர் கோடைப் படிச்சுப் பாருங்க. சில கார்ல ஃபில்டரைத் தாண்டினதும் எம்ஏஎஃப்னு ஒரு சென்சார் இருக்கும், உள்ள ஒரு மெல்லிசான கம்பியோ ஃபிலிமோ சூடா இருக்கும், காத்து அதை எவ்வளவு ஆற வைக்குதுங்கறதை வச்சு ஈசியு காத்தை அளக்குது. ஃபில்டர்ல எண்ணெய் அதிகமா ஊத்தினா அது காத்தோட போய் அந்தக் கம்பியில படியும், அதுமேல தூசி ஒட்டும், அப்புறம் அளவு தப்பா போகும், லைட் எரியும். எம்ஏஎஃப் க்ளீனர்னே தனியா ஸ்ப்ரே கிடைக்குது, இன்ஜினை ஆற விட்டு சென்சாரைக் கழட்டி அதை அடிச்சு நல்லா காய விட்டு மாட்டினா பல நேரம் சரியாயிடும். துணியோ ப்ரஷ்ஷோ உள்ள விடக்கூடாது, கார்புரேட்டர் க்ளீனரும் வேண்டாம்.

ஆனா நிறைய சின்ன கார்ல எம்ஏஎஃப்பே கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கற மேப் சென்சாரை வச்சுதான் ஓடும், அதை இந்த எண்ணெய் இப்படிக் கெடுக்காது. உங்க கார் அந்த ரகம்னா வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு, அப்போ வேற காரணம் தேடணும். முதல்ல ஏர் பாக்ஸ் மூடி சரியா உட்கார்ந்திருக்கா, க்ளிப் எல்லாம் விழுந்திருக்கா, கழட்டும்போது ஏதாவது ஹோஸோ வயர் சாக்கெட்டோ பிடுங்கி வச்சிருக்காரான்னு பாருங்க, பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும்.

அடுத்த தடவை கழுவும்போது அவர்கிட்ட சொல்லுங்க: அதுக்குன்னு இருக்கற க்ளீனரைப் போட்டு ஊற வச்சு, சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கமா தண்ணி விடணும், மாத்தி விட்டா அழுக்கு இன்னும் உள்ளதான் போகும். ஹேர் ட்ரையர் வேண்டாம், தானா காயணும், முழுசா காயற வரைக்கும் எண்ணெய் தொடக்கூடாது. எண்ணெய் மடிப்புக்கு ஒரு கோடு, மெல்லிசா, 20 நிமிஷம் கழிச்சுப் பார்த்து வெள்ளையா விட்டுப்போன இடத்துல மட்டும் இன்னொரு சொட்டு. கம்மியா போனா தூசி உள்ள போகும், அதிகமானா இப்ப ஆன மாதிரி ஆகும். இவ்வளவு பொறுமை இருக்கறவருக்கு அது லாபம்தான், பல வருஷம் ஒரே காரை வச்சு ஓட்டினா போட்ட காசு திரும்பிடும். பொறுமை இல்லைன்னா பேப்பரே போதும்.

கேள்வி: ஒவ்வொரு சர்வீஸ்லயும் மெக்கானிக் ஃபில்டரை ஏர் அடிச்சு திரும்ப மாட்டிடறார். சரியா?

பதில்: பேப்பர் ஃபில்டர்னா எனக்கு இதுல உடன்பாடில்லை. கம்ப்ரஸர் காத்தை பக்கத்துல வச்சு அடிச்சா பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அப்புறம் அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாமலும் ஒண்ணுதான். இன்னொரு வேடிக்கை, லேசா அழுக்கான பேப்பர் ஃபில்டர் புதுசைவிட நல்லாவே தூசி பிடிக்கும், படிஞ்ச தூசியே இன்னொரு வலை மாதிரி ஆயிடுது. அதனால பார்க்க கறுப்பா இருக்கேன்னு பதறாம மேனுவல்ல போட்ட கிலோமீட்டர் வந்ததும் மாத்துங்க, மண் ரோட்டுல நிறைய ஓட்டறவங்க அதுல பாதியிலயே மாத்திடுங்க. கட்டாயம் ஏர் அடிக்கணும்னா கம்மி ப்ரஷர்ல, தள்ளி வச்சு, உள்ளிருந்து வெளிப்பக்கமா.

கேள்வி: ஃபில்டரே இல்லாம ஓட்டினா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: என்னோடது 1 லிட்டர் டர்போ. டர்போவுக்கு காத்து நிறைய வேணுமே, எனக்காவது போடலாமா?

பதில்: உங்களுக்கு கேஸ் கொஞ்சம் பலமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கம்பெனி ட்யூன்ல ஈசியு ஒரு பூஸ்ட் அளவை, அதாவது டர்போ காத்தை அமுக்கித் தள்ற அழுத்தத்தை, இலக்கா வச்சுக்கிட்டு டர்போவை ஆட்டி வைக்குது, காத்து ஈஸியா வந்தா டர்போ கொஞ்சம் கம்மியா உழைக்கும், பவர் பழைய பவராவே இருக்கும். ரீமேப் பண்ணி, அதாவது ஈசியு ப்ரோக்ராமை மாத்தி, பூஸ்ட் ஏத்தியிருந்தா அப்போ ஃபில்டர் ஒரு தடையா வர ஆரம்பிக்கும், அதுக்குப் பிறகு யோசிக்கலாம். தூசி விஷயத்துல மட்டும் நீங்க மத்தவங்களைவிட உஷாரா இருக்கணும், நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற கம்ப்ரஸர் சக்கரம் அது, ஃபில்டரைத் தாண்டி வர்ற மணல் முதல்ல அந்த இறக்கையிலதான் போய் மோதும்.

கேள்வி: அண்ணே, பிக்கப்பும் வேண்டாம் மைலேஜும் வேண்டாம். எனக்கு அந்த சத்தம்தான் வேணும். தப்பா?

பதில்: வந்த கடிதத்துலயே நேர்மையான கடிதம் உங்களோடதுதான் தம்பி, தாராளமா போடுங்க. கோன் வேண்டாம், கம்பெனி டப்பாவுக்குள்ளயே உட்கார்ற ரகமா வாங்குங்க, சத்தம் கோன் அளவுக்கு வராது, ஆனா சூட்டுக்காத்துத் தொல்லை இல்லை. இல்ல கோன்தான் வேணும்னா அதை பம்பருக்குக் கீழ கொண்டுபோய் மாட்டற கிட் பக்கம் மட்டும் போயிடாதீங்க, குளிர்ந்த காத்து வரும்தான், ஆனா மழையில தேங்கின தண்ணிக்குள்ள இறங்கினீங்கன்னா அதே வழியா தண்ணியும் வரும், தண்ணியை பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். வாரன்ட்டி இருந்தா புத்தகத்தைப் படிச்சுட்டு மாட்டுங்க. கழட்டின கம்பெனி ஏர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பரண்ல வச்சிருங்க, என்னோடதை நான் தேடி எடுத்து திரும்ப மாட்ட எட்டு மாசம் ஆச்சு, ஒரு க்ளிப் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.