ஃபிட்னஸ் பேண்ட் காட்டும் கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பிடலாமா?

"என் வாட்ச் நாளுக்கு 2,600 கலோரி எரிப்பதாகக் காட்டுகிறது, அவ்வளவும் சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைக் குறைக்கத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வேண்டாம். நான் சாப்பிட்டுப் பார்த்தவன்.

என்னுடையது அசைவை மட்டும் கணக்கிடும் பேண்ட். அது 500 எரித்தாய் என்றால், தராசு வைத்து அளந்து 500-ஐயும் திருப்பிச் சாப்பிடுவேன். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

அப்புறம் வீடு மாற்றிய நாள் வந்தது. லிஃப்ட் பழுது. புத்தகப் பெட்டிகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கினேன். சட்டையைப் பிழியலாம், அப்படி ஒரு வியர்வை. பேண்டோ ஏதோ சின்ன நடை போனதுபோல ஒரு எண்ணைக் காட்டியது. அன்று ராத்திரி உட்கார்ந்த இடத்தில் குழந்தையின் தொட்டிலை ஆட்டினேன். ஆயிரம் காலடிக்கு மேல் ஏறிவிட்டது, பாராட்டு வேறு!

யோசித்தால் அதன்மேல் தப்பில்லை. உள்ளே இருக்கும் சென்சாருக்குத் தெரிவது மணிக்கட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதுதான். கையில் இருக்கும் பெட்டியின் கனம் அதற்கு எப்படித் தெரியும்? சைக்கிள் ஓட்டும்போது கை ஹேண்டில்பாரில் கிடக்கிறது, கால்தான் உழைக்கிறது. இன்னொன்று, பெரும்பாலானவர்களுக்கு நாளின் செலவில் 60-70 சதவீதம் உடல் சும்மா கிடந்தாலே ஆகிவிடும். அதை எந்தப் பேண்டும் அளப்பதில்லை. நீங்கள் கொடுத்த வயது, உயரம், எடையை ஒரு சூத்திரத்தில் போட்டு எழுதிவிடுகிறது. உங்கள் 2,600-இல் பெரும்பங்கு அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

"இதயத் துடிப்பு பார்க்கும் நல்ல வாட்சாக வாங்கியிருக்கலாமே" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று அப்படிப்பட்ட ஏழு கருவிகளை 60 பேருக்கு மாட்டிச் சோதித்தது. ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில்தான் எல்லாம் சறுக்கின. இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93. பழைய ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது முன்னேறியிருக்கலாம். ஆனாலும் துடிப்பு பயத்தில் கூடும், காப்பியில் கூடும், வெயிலில் கூடும். அதெல்லாம் உழைப்பாகிவிடாது.

பேண்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, நானே இன்னும் கட்டியிருக்கிறேன். போன வாரத்தைவிட இந்த வாரம் கூட நடந்தேனா என்று மட்டும் அதில் பார்ப்பேன். எவ்வளவு சாப்பிடுவது என்பதை இரண்டு மூன்று வாரத்து எடையைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் அலுவலகத்தில் காலடிப் போட்டி வைத்தார்கள். நான் தினமும் விடியற்காலையில் எழுந்து நடந்தேன். பக்கத்து மேசைக்காரர் பேண்டைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் நாள்முழுக்கக் காலாட்டினார். முறையிட்டேன், பொறாமை என்றார்கள். கோப்பை இன்னும் அந்த மேசைமேல்தான் இருக்கிறது.