ஆன்லைன் போக்கர் டோர்னமெண்டில் முதல் அரை மணி நேரத்தைத் தாண்ட முடியவில்லை. ஆரம்பத்தில் எப்படி ஆட வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஐயாயிரம் சிப்ஸோடு உட்காருகிறீர்கள், பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயம் கட்டும் சிறிய, பெரிய தொகை) 25/50-ல் இருக்கும்போதே ஆல்-இன் போய் வெளியே வந்துவிடுகிறீர்கள். கையில் ஏஸ் கிங், ஏஸ் குயின், ஜோடிப் பத்து என்று நல்ல சீட்டுதான் இருந்தது என்றும் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அத்தனை சிப்ஸையும் உள்ளே தள்ள வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். நான் ஆடுவதெல்லாம் இலவச சிப்ஸ் டோர்னமெண்ட் மட்டும்தான். மலேசியாவில் உரிமம் உள்ள ஒரே கேசினோ கெந்திங் மலையில் இருக்கிறது, 1953-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டங்களும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. அதனால் வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்) வைத்து ஆடுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சம்பள நாள் ராத்திரியே சீட்டில் சம்பளத்தை விட்ட தோட்டத்து ஆட்களின் கதையைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. இலவச சிப்ஸ் என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு அது சூதுதான். சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று முடிய உங்களுக்கு ஆகும் செலவு 75 சிப்ஸ். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறுகிறது, நிமிடத்துக்கு ஒரு கை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25/50, 30/60, 40/80 என்று மூன்று கட்டமும் ஒரு கைகூட ஆடாமல் ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவது) செய்துகொண்டே இருந்தால் போவது 300 சிப்ஸ் பக்கம்தான். ஐயாயிரத்தில் முந்நூறு. காத்திருப்பது இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற நேரம் அந்த டோர்னமெண்டில் திரும்ப வராது. மறுபக்கம் பாருங்கள்: மேசையில் கிடக்கிற 75 சிப்ஸைத் திருட ஐயாயிரத்தை நீட்டுகிறோம். யோசித்து ஆடுகிறவர்களில் நம் கையைவிடப் பெரிய கை உள்ளவன் மட்டும்தான் அதைக் கால் செய்வான் (அதே தொகையைக் கட்டித் தொடர்வான்).

"ஆரம்பத்திலேயே ரெட்டிப்பாக்கிவிட்டால் அப்புறம் நிம்மதி" என்று என் மச்சான் சொல்வான். பத்துப் பேர் ஆடும் சின்ன டோர்னமெண்டை எடுங்கள். பரிசு முதல் மூன்று பேருக்கு 50, 30, 20 சதவீதம். எல்லோரும் சமமாகத் தொடங்கும்போது பரிசில் உங்கள் பங்கின் மதிப்பு 10 சதவீதம். முதல் கையிலேயே ஒருவனை வெளியேற்றி சிப்ஸை இரண்டு மடங்காக்கிவிட்டால் அது 20 ஆகும் என்றுதானே நினைப்போம்? ஐசிஎம் என்கிற, சிப்ஸைப் பரிசு மதிப்பாக மாற்றும் கணக்குப்படி 18.4தான் வருகிறது. அதாவது முதல் கையில் ஆல்-இன்னைக் கால் செய்ய, ஜெயிக்கும் வாய்ப்பு 54 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஏஸ் கிங் ஜோடிக் குயினோடு மோதினால் 43லிருந்து 46 சதவீதம்தான். ஜோடி இரண்டோடு மோதினாலும் ஏறக்குறைய பாதிதான். ஆயிரம் பேர் ஆடும் பெரிய டோர்னமெண்டில் இந்த வித்தியாசம் ரொம்பச் சுருங்கிவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. மேசையில் பாதிப் பேர் கண்டதையும் கால் செய்கிறார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் பத்து நிமிடத்தில் வரும்போது பாதிக்குப் பாதி சூதை ஏன் இப்போதே ஏற்க வேண்டும்?

அப்படியானால் எந்தக் கையை ஆடுவது? ஆழமான ஸ்டாக் (பிளைண்டைப்போல் பல மடங்கு சிப்ஸ்) இருக்கும்போது சின்ன ஜோடிகளுக்குத் தனி மவுசு. இரண்டு முதல் எட்டு வரை உள்ள ஜோடி ஃப்ளாப்பில் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில்) செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) ஆவது ஏறக்குறைய எட்டரை தடவைக்கு ஒரு தடவை. ஒருவன் 150-க்கு ரெய்ஸ் செய்கிறான் (ஏற்றிக் கட்டுகிறான்), உங்களிடம் ஜோடி ஐந்து, நீங்கள் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில்) இருக்கிறீர்கள் என்றால் கால் செய்யலாம். ஒருமுறை செட் விழுவதற்குள் ஏழெட்டுத் தடவை 150-ஐ விட்டுவிட்டு எழுந்து வருவீர்கள், அதாவது ஆயிரத்து நூறு சிப்ஸுக்கு மேல். ஆனால் விழும்போது எதிராளியிடம் இன்னும் 4,850 இருக்கிறது, அவனும் ஏஸ் கிங்கோ ஜோடி ராஜாவோ வைத்துக்கொண்டு விடமாட்டான். அவனிடம் ஆயிரத்து ஐந்நூறுதான் மிச்சம் என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், அப்போது ஃபோல்ட். செட் விழாத ஃப்ளாப்பிலும் ஃபோல்ட். "ஒரு தடவை பார்ப்போமே" என்பதுதான் இங்கே சிப்ஸைத் தின்னும்.

ஏஸோடு இன்னொரு சீட்டும் அதே இனம் என்றால், மலிவாகக் கிடைத்தால் பின்வரிசையிலிருந்து பார்க்கலாம், ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) விழுந்தால் அதுதான் பெரிய ஃப்ளஷ். ராஜாவும் ஐந்தும், இரண்டும் கிளாவர் என்பதற்காக உள்ளே போகாதீர்கள். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் விழும் வாய்ப்பு நூறில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? ராஜா ஒன்று விழும், உங்களைவிட நல்ல துணைச்சீட்டு வைத்திருப்பவனுக்கு மூன்று சுற்றும் பணம் கட்டுவீர்கள்.

இனி உங்களைக் கவிழ்க்கிற ஏஸ் கிங். அதை ஃபோல்ட் செய்யச் சொல்லவில்லை. பட்டனில் இருக்கிறீர்கள், முன்னால் ஒருவன் 50-க்குச் சும்மா கால் செய்து வந்திருக்கிறான், நீங்கள் 200 ஆக்குகிறீர்கள், அவன் ஒட்டிக்கொள்கிறான். பானையில் (நடுவில் சேர்ந்த மொத்தம்) 475. ஃப்ளாப் ராஜா, ஒன்பது, நான்கு. நீங்கள் 250, அவன் கால். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) ஏழு. அவன் செக் (எதுவும் கட்டாமல் விடுகிறான்), நீங்கள் 500. இதுவரை செக், கால் என்று பூனை மாதிரி இருந்தவன் திடீரென்று 1,700 ஆக்குகிறான். இந்த இடத்தில்தான் நீங்கள் ஆல்-இன் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இத்தனை கைக்கும் ரெய்ஸே செய்யாதவன் டர்னில் ரெய்ஸ் செய்தால் அவனிடம் இரண்டு ஜோடியோ செட்டோ இருக்கிறது, இலவச மேசைகளில் இதற்கு விதிவிலக்கு மிகக் குறைவு. உங்களிடம் இருப்பது ஒரு ஜோடி. விட்டுவிடுங்கள். போனது 950, கையில் 4,050, அதாவது 80 பெரிய பிளைண்டுக்கு மேல். டோர்னமெண்ட் இன்னும் உங்கள் கையில்தான்.

பிளஃப் (கை இல்லாமலே கட்டிப் பயமுறுத்துவது) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோல்ட் செய்யத் தெரியாதவனிடம் பிளஃப் எடுபடாது, ஆரம்ப மேசையில் இருப்பவர்கள் அநேகமாக அவர்கள்தான். நல்ல கை இருந்தால் மறைக்காமல் பெரிதாகக் கட்டுங்கள், கால் செய்வார்கள்.

இலவச டோர்னமெண்டில் இன்னொரு கூத்து உண்டு. முதல் கையிலேயே நான்கு பேர் ஆல்-இன். உங்களிடம் ஜோடி ஏஸ். கண்டமேனிக்கு ஆடுகிற நான்கு பேருக்கு எதிராக அது ஜெயிப்பது நூறுக்கு 56 தடவை, மற்ற 44 தடவை வீட்டுக்கு. ஆனாலும் கால் செய்யத்தான் வேண்டும், ஜெயித்தால் ஐந்து மடங்கு வருகிறது. அதற்கு அஞ்சுகிறவருக்கு கேரம் போர்டு இருக்கிறது. ஏஸ் குயினோடு அதே இடத்தில் இருந்தால் நான் ஃபோல்ட். சிப்ஸ் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரியில்லை என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். இரண்டு மணி நேரம் ஆடத்தான் நான் உட்காருகிறேன்.

இந்தப் பொறுமையை எப்போது விடுவது? உங்கள் ஸ்டாக் முப்பது பெரிய பிளைண்டுக்குக் கீழே வரும்போது, அல்லது ஆண்டி (பிளைண்ட் போக ஒவ்வொரு கைக்கும் கட்டும் சின்னத் தொகை) கட்டத் தொடங்கும்போது. அப்போது ஒவ்வொரு சுற்றும் வலிக்கும், திருட வேண்டியதும் கட்டாயமாகும். ஆரம்பத்தில் ஃபோல்ட் செய்துவிட்டு வேறு பிரவுசர் டேபில் படம் பார்க்காமல், யார் எந்தக் கையைக் காட்டினான் என்று குறித்துவைத்தால் அது இங்கே உதவும். சாஃப்ட்வேரிலேயே குறிப்பு எழுத வசதி இருக்கும்.

தாமதமாகச் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கண்டபடி கால் செய்கிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில்தான் மேசையில் இருக்கிறார்கள், நீங்கள் வரும்போது அவர்கள் சிப்ஸ் வேறொருவனிடம் போயிருக்கும். எங்கள் பக்கம் சாயங்கால மழைக்கு லைன் போவது வழக்கம், உங்கள் ஊரிலும் அப்படியென்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். லைன் போன சமயம் எதிராளி கட்டி உங்கள் முறை வந்தால் சாஃப்ட்வேர் நேரம் முடிந்ததும் தானே ஃபோல்ட் செய்துவிடும், கையில் செட் இருந்தாலும் சரி.