வடக்கு மலாவி ஊழியப் பயணம்: மொழியும் முன்னேற்பாடும்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் சபைக் குழு ஆப்பிரிக்க நாடான மலாவியின் வடபகுதியிலுள்ள ரும்பி, முசிம்பா ஊர்களுக்குப் பத்து நாள் சுவிசேஷ ஊழியத்துக்காகச் செல்லவிருப்பதாகவும், ஆங்கிலப் பிரசங்கம் போதுமா என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். போதாது. ஆங்கிலம் அங்கே அலுவல் மொழிதான் என்றாலும், கிராமத்துத் தாய்மார்களும் முதியவர்களும் பேசுவதும் ஜெபிப்பதும் தும்புகா மொழியில். ஆகவே உள்ளூர்ச் சபையிலிருந்தே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள்; மொழிபெயர்ப்பில் நேரம் இரட்டிப்பாவதால், அரைமணிப் பிரசங்கத்துக்குப் பதினைந்து நிமிடச் செய்தியையே ஆயத்தம் செய்யுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. வடக்கு மலாவி சுவிசேஷம் எட்டாத நிலம் அன்று. ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875இல் மலாவி ஏரியின் தென்கரையில் தொடங்கிய லிவிங்ஸ்டோனியா மிஷன், மலேரியாவுக்குப் பலரைப் பறிகொடுத்து, 1881இல் பண்டாவேக்கும் 1894இல் வடக்கு மலைமேட்டுக்கும் இடம்பெயர்ந்தது. அதன் வழிவந்த சபைகள் இன்றும் அங்கு உயிர்ப்புடன் இருக்கின்றன. எனவே கூட்டங்களை நீங்களாக அறிவிக்காமல், உள்ளூர்ப் போதகரையும் ஊர்த் தலைவரையும் முதலில் சந்தித்து, அவர்கள் அழைப்பின்பேரில் பேசுங்கள். மனந்திரும்புவோரை நீங்கள் திரும்பிய பின்பும் பராமரிக்கப்போகிறவர்கள் அவர்களே அல்லவா?

மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுமுன்பே தொடங்குங்கள். ஊர் திரும்பிய பின்பும் அவர் சொல்லும் நாள்வரை நிறுத்தாதீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மண்சாலைகள் சேறாகிவிடும் என்பதால் ஜூன், ஜூலை மாதங்களே ஏற்றவை.